குதிரைத் தோலில் வரும் கட்டி

மாடு வளர்ப்பவர்கள் இளங்கன்றின் தோலில் மரு கண்டிருப்பீர்கள். பெரும்பாலும் அது தானே உதிர்ந்துவிடும். அந்த வைரஸ் கிருமிகளில் சில குதிரையைத் தொற்றினால், ‘சார்காய்டு’ என்னும் பிடிவாதமான கட்டி எழும்பும். 1936இல் தென்னாப்பிரிக்காவில் ஜாக்சன் என்பவர் இட்ட பெயர் அது. உள்ளுறுப்புகளுக்கு அது பரவுவது வழக்கமில்லை. ஆனால் தோலுக்கடியில் வேரோடும், அரைகுறையாக அறுத்தால் முன்னிலும் வேகமாக வளரும். ஆகவே குதிரை லாயத்தில் வேலை பார்ப்பவர்கள் நூல் கட்டுவது, சுண்ணாம்பு தடவுவது போன்ற கைவைத்தியத்தில் இறங்க வேண்டாம்.

குட்டியின் மூக்கைச் சுற்றி வரும் சிறு மரு வேறு. சில மாதங்களில் மறையும். வயதான குதிரையின் ஆண்குறியில் ஆறாத புண்ணோ தடிப்போ கண்டால்தான் தாமதிக்கக் கூடாது. அங்கே வேறொரு வைரஸ் புற்றுநோய்க்கு வழிவிடுவதுண்டு. அது நிணநீர்க் கணுக்களுக்கும் பரவும். குதிரையைக் கழுவும்போதே பார்த்து, மிருக வைத்தியரை அழையுங்கள்.