குழந்தைப் பேறும் தோட்டத்துக் குடும்பமும்

கேகாலை மாவட்டத்திலே, குருகொட ஓயாவின் அருகில் ரப்பர்த் தோட்டங்கள் சூழ அமைந்துள்ள ஊர் ருவான்வெல்லை. வெயில் ஏறுமுன் மரத்திற் பால் நன்றாக ஓடும் ஆதலின், பால் வெட்டும் பெண்கள் விடியற்காலையிலேயே கத்தியும் வாளியுமாக மலையேறிவிடுகின்றனர். லயங்களிலே இத்தகைய பெண்களைக் குறித்து இருவகைப் பேச்சு எழுவதுண்டு. மணமாகி இரண்டு ஆண்டுகள் சென்றும் மடியிற் குழந்தை இல்லையெனின், அவள் மலடி என்பர். ஆண்டுக்கொரு பிள்ளை பிறந்தாலோ, அவள் ஆபரேஷன் செய்துகொள்ளலாகாதா என்பர். குற்றமும் அவளுடையது; பரிகாரமும் அவளுடையது. கணவனைப் பற்றி எவரும் வாய் திறப்பதில்லை. உடலின் இயல்பை அறிந்தவர்கள் இவ்வாறு பேசமாட்டார்கள்.

பெண்ணின் சூலகத்திலிருந்து பொதுவாக மாதம் ஒரு முட்டை வெளிப்படுகின்றது. அடுத்த மாதவிலக்குக்கு ஏறத்தாழ 14 நாட்களுக்கு முன்னர் இது நிகழும். வெளிவந்த முட்டை ஒரு நாள் அளவே உயிர்ப்புடன் இருக்கும். ஆணின் விந்தணுவோ பெண்ணுடலில் 5 நாட்கள் வரை உயிர்வாழ வல்லது. ஆகவே ஒரு மாதத்திலே கருத்தரித்தற்கு ஏற்ற நாட்கள் ஆறு மட்டுமே. இவ்வுண்மையை 1920களில் ஜப்பானிலே ஒகினோ என்பவரும் ஆஸ்திரியாவிலே கினவுஸ் என்பவரும் தனித்தனியே கண்டறிந்தனர். அதற்கு முன்னர் மேனாட்டு வைத்தியர்கள் பலர், மாதவிலக்கு இரண்டுக்கும் நடுவிலுள்ள நாட்களே கருத்தரிக்காத நாட்கள் என்று நேர்மாறாகப் போதித்து வந்தனர்! கற்றவரே இங்ஙனம் தவறியிருக்க, லயத்து மக்களின் அறியாமையை எள்ளுவது முறையன்று. பெண் குழந்தையாகவே பெறுகிறாள் என மருமகளைக் கடியும் மாமியாரும் ஒன்றை அறிதல் வேண்டும். பிறப்பது ஆணோ பெண்ணோ என்பதைத் தீர்மானிக்கும் நிறமூர்த்தம் தந்தையின் விந்தணுவிலிருந்தே வருகின்றது.

தடை எதுவுமின்றி ஓராண்டு கூடி வாழ்ந்தும் கருத்தரிக்காவிடின், அதனை மலட்டுத்தன்மை என வைத்தியர் கொள்வர். மனைவிக்கு 35 வயது கடந்திருப்பின் ஆறு மாதத்திலேயே ஆலோசனை பெறுதல் நன்று. உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, வயது வந்தோரில் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் இத்துன்பத்தைச் சந்திக்கின்றனர். குழந்தையில்லாத தம்பதிகளுள் ஏறக்குறையப் பாதிப் பேரிடத்தே ஆணின் குறையும் காரணமாகவோ துணைக் காரணமாகவோ உள்ளது. பெண்ணிடத்திலே முட்டை ஒழுங்காக வெளிப்படாமையும், பழைய கிருமித் தொற்றினாற் குழாய்கள் அடைபட்டிருத்தலும் முக்கிய காரணங்கள். முதலாவது குறைக்கு மாத்திரைகளே பலருக்குப் பயன் தருகின்றன. இரண்டாவதற்கு, 1978இல் இங்கிலாந்திலே முதன்முதலாக வெற்றிகண்ட சோதனைக்குழாய் முறை உண்டு. அது தோட்டத்துக் கூலிக்கு எட்டாத செலவுடையது. ஆயின் எல்லாவற்றிலும் எளிய சோதனை கணவனுடைய விந்துப் பரிசோதனையே. நேர்த்திக்கடனுக்கும் வைத்தியத்துக்கும் மனைவியைப் பல ஆண்டுகள் அலைக்கழித்தபின் கடைசியில் இதனைச் செய்கிறார்கள். முதலிற் செய்யவேண்டியது இது.

இனி, பிள்ளைப்பேற்றைத் தள்ளிப்போடுதல் பற்றியது. கனடாவிற் பிறந்து, தமிழர் ஒருவரின் மனைவியாய் இந்நாட்டில் வாழ்ந்த டாக்டர் மேரி இரத்தினம் அம்மையார், 1937இலேயே கொழும்பிற் கர்ப்பத்தடை நிலையமொன்றைத் தொடங்கி, பெரும் எதிர்ப்பைத் தாங்கினார். 1953இலே குடும்பத்திட்டச் சங்கம் நிறுவப்பட்டது. 1958இற் சுவீடன் நாட்டு உதவியுடன் முன்னோடித் திட்டமொன்று ஆரம்பமானபோது, கிராமத்துக்குப் பண்டாரகமவும் தோட்டத்துக்கு மலையகத்து டயகமவும் தெரிந்தெடுக்கப்பட்டன. தோட்டத் தொழிலாளர் இவ்வறிவைப் பெறத் தகுதியுடையோரே என்பது அன்றே ஒப்புக்கொள்ளப்பட்டது எனலாம்.

பின்னர் நிகழ்ந்தது அவ்வளவு மகிழ்ச்சிக்குரியதன்று. 1980இல் அரசாங்கம் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்துகொள்வோருக்குப் பணம் வழங்கத் தொடங்கியது. 100 ரூபாவாயிருந்த தொகை 500 ரூபா வரை உயர்ந்தது. அன்றாடக் கூலியில் வாழும் குடும்பத்துக்கு அது சிறுதொகையன்று. தோட்டங்களிலே ஏனைய முறைகளைவிடப் பெண்களின் சத்திரசிகிச்சையே மேலோங்கி நின்றது. குழாயைக் கட்டிவிட்டால் மீண்டும் பிள்ளை பெறுதல் அரிது. பணத்தைக் கண்டு செய்யும் முடிவும் மனம் தெளிந்து செய்யும் முடிவும் ஒன்றாகா.

இடைவெளி மட்டும் வேண்டுவோர்க்கு வேறு வழிகள் உள்ளன. பிரசவத்துக்கும் அடுத்த கருப்பத்துக்கும் இடையே இரண்டு ஆண்டுகளேனும் செல்லுதல் தாயின் இரத்தசோகை நீங்குதற்கு உதவும். கருப்பையில் வைக்கும் செப்பு வளையம் பத்து ஆண்டுகள் வரை பயன் தரும், வேண்டாதபோது எடுத்துவிடலாம். ஊசி மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடப்படுவது. அதனை நிறுத்திய பின் மீண்டும் கருத்தரிக்கப் பல மாதங்கள் செல்லக்கூடும் என்பதை இளம் மனைவியர்க்கு முன்கூட்டியே சொல்லவேண்டும். மாத்திரை நாள்தோறும் மறவாது உண்ணவேண்டியது. ஆணுறை 1973 முதல் பிரீதி என்னும் பெயரிற் கடைகளில் விற்கப்பட்டது. அது ரப்பர்ப் பாலிலிருந்து செய்யப்படும் பொருள். பால் வெட்டும் ஊரிலேயே அதன் பெயரைச் சொல்ல ஆண்கள் கூசுவது விந்தையே.

போதிய பிள்ளைகள் பெற்று, இனி வேண்டாமென இருவரும் ஒருமனப்பட்ட பின், ஆணுக்குரிய சத்திரசிகிச்சை பெண்ணுக்குரியதைவிட எளிது. உணர்ச்சி போக்கும் ஊசியிட்டு, வயிற்றைத் திறவாமலே, சிறிது நேரத்தில் முடித்துவிடுவர். மலையேறும் வலிமை போய்விடும் என்ற அச்சத்துக்கு ஆதாரமில்லை. ஆண்மைக்குரிய சுரப்பு முன்போலவே குருதியிற் கலக்கின்றது. ஆயினும் பலன் அன்றே கிட்டாது. முன்னரே குழாயிற் தங்கிய விந்தணுக்கள் வெளியேறச் சுமார் மூன்று மாதங்கள் செல்லும். அதுவரை ஆணுறையையோ வேறு முறையையோ கையாண்டு, பரிசோதனையில் விந்தணு இல்லையென உறுதிப்பட்ட பின்னரே அதனைக் கைவிடுதல் வேண்டும்.