கருவிப் பெட்டியும் அதன் இழுப்பறைகளும்

வெளி மாநிலத்தில் குடியிருக்கும் தமிழர் வீடுகளில் கட்டிலுக்கு அடியிலோ சமையலறைப் பரணிலோ ஒரு தகரப் பெட்டி இருப்பது வழக்கம். ஒரு சுத்தியல், முனை மழுங்கிய திருப்புளி இரண்டு, பிடி தளர்ந்த குறடு, துருவேறிய ஆணிகள், எதிலிருந்து கழன்றவை என்று எவருக்கும் தெரியாத நான்கைந்து நட்டுகள் ஆகியவை அதில் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கும். குழாய் ஒழுகும் நாளில் பெட்டியைத் தரையில் கவிழ்த்துத் தேடுவோம். தேடியது கிடைக்காவிட்டால் கடைக்குச் சென்று இன்னொன்று வாங்கி வருவோம். பழையது மறுவாரம் தானே வெளிப்படும். தில்லியில் என் இல்லத்திலும் நெடுங்காலம் இந்த நிலைதான் இருந்தது. இதைச் சொல்ல எனக்குக் கூடுதலாகவே வெட்கம் உண்டு. ஏனெனில், இதற்கு நேர்மாறான ஒரு பெட்டியின் அருகில் என் சிறுவயது விடுமுறைகள் பல கழிந்தன.

அந்தப் பெட்டி சக்குபள்ளத்தில் இருந்தது. கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், குமுளிக்கு அப்பால், ஏலமலைத் தொடரில் உள்ள ஊர் அது. மலையின் கீழ்ப்புறத்தில் கம்பம் பள்ளத்தாக்கு விரிந்திருக்கிறது. விடியுமுன் கம்பத்துப் பக்கத்திலிருந்து ஜீப்புகளில் ஏறி மலைத் தோட்டங்களுக்குச் சென்று, மாலையில் இறங்கி வரும் தமிழர்கள் இன்றும் ஏராளம். என் தாய்மாமன் அவ்வாறு ஏறி இறங்கி அலுத்து, மேலேயே தங்கிவிட்டவர். ஒரு தோட்டத்தின் ஏலக்காய் உலர்த்தும் நிலையத்தில், அங்குள்ளோர் வழக்கில் ‘ஸ்டோரில்’, இயந்திரங்களைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. தச்சும் தெரியும், இரும்பு வேலையும் தெரியும். எல்லோரும் அவரை மேஸ்திரி என்று அழைத்தார்கள்.

பெட்டியைப் பலா மரத்தில் அவரே செய்திருந்தார். ஐந்து இழுப்பறைகள்; மேலே ஒரு மூடி. மூடியின் உட்புறத்தில் ரம்பங்கள் மரக்கட்டையில் செருகப்பட்டுத் தொங்கும். மேல் மூன்று இழுப்பறைகளின் ஆழம் இரண்டு அங்குலத்துக்கு மேல் இராது. ‘இவ்வளவு சிறிதாகச் செய்தால் என்ன கொள்ளும்?’ என்று ஒருமுறை கேட்டேன். ஆழமாகச் செய்தால் ஒன்றின்மேல் ஒன்றை வைக்கத் தோன்றும் என்றும், அவ்வாறு வைத்தால் அடியில் உள்ள கருவி இல்லாததற்குச் சமம் என்றும் சொன்னார். உளிக்கும் அரத்துக்கும் இது இன்னும் பொருந்தும். கடினமான எஃகும் எஃகும் உரசினால் கூர் போய்விடும். அரத்தின் பற்கள் உளியின் வாயைத் தின்றுவிடும், அரமும் மழுங்கும். ஆகவே அவருடைய மூன்றாம் இழுப்பறையில் குறுக்குச் சட்டங்கள் இருந்தன. ஒவ்வோர் உளியும் தனக்கென வெட்டிய பள்ளத்தில், வாய்ப்புறம் உள்நோக்கிப் படுத்திருக்கும். இருட்டில் கைவிட்டாலும் விரல் அறுபடாது.

முதல் இழுப்பறை அளக்கும் கருவிகளுக்கு உரியது: மூலைமட்டம், ரசமட்டம், காலிப்பர், தூக்குக்குண்டு. இவை அடிபட்டால் வெளியே தெரியாது. ஆனால் அன்று முதல் பொய் சொல்லத் தொடங்கும். அதனால் அந்த இழுப்பறையில் வேறெதையும் வைக்க அவர் இசையமாட்டார். இரண்டாவதில் ஸ்பேனர்கள். கனத்த சுத்தியல், இரும்புக் கடப்பாரைத் துண்டு, குழாய்க் குறடு முதலானவை அடி இழுப்பறையில் இருக்கும். பாரம் கீழே இருந்தால்தான் மேலுள்ள இரண்டையும் ஒருசேர இழுத்தாலும் பெட்டி குப்புற விழாது. நகரத்தில் இரும்பு அலமாரி வாங்கி, மேல் தட்டில் பாரத்தை ஏற்றிவிட்டுக் காலில் போட்டுக்கொள்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஸ்பேனர்களின் இழுப்பறையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கடைகளில் அவற்றை அளவு வரிசையில் மாட்டியிருப்பார்கள்: ஆறு-ஏழு, எட்டு-ஒன்பது, பத்து-பதினொன்று என்று. மாமாவின் இழுப்பறையில் அந்த வரிசை இல்லை. காற்றாடியின் பெல்ட்டை மாற்ற வேண்டிய கருவிகள் ஒரு கூட்டமாகவும், தண்ணீர்ப் பம்புக்கு வேண்டியவை வேறொரு கூட்டமாகவும் இருந்தன. பெல்ட்டு வேலையில் போல்ட்டின் தலையை ஒரு ஸ்பேனர் பிடித்துக்கொள்ள, நட்டை மற்றொன்று சுழற்ற வேண்டும். ஆகவே பதினாறு-பதினேழு ஸ்பேனர் மட்டும் இரண்டு, அடுத்தடுத்து இருந்தன. அவற்றினிடையே ஒரு திருப்புளியும் கிரீஸ் டப்பாவும் இருந்தன. வகை பார்த்து அடுக்குவது விற்பவனுக்கு வசதி; வேலை பார்த்து அடுக்குவது செய்பவனுக்கு வசதி என்பது அவர் கொள்கை.

அங்குல ஸ்பேனர்களை மட்டும் அவர் நான்காம் இழுப்பறையில் தனியே வைத்திருந்தார். 1956 ஆம் ஆண்டின் அளவைச் சட்டத்துக்குப் பிறகு நம் நாடு மெட்ரிக் முறைக்கு மாறியது. ஆனால் தோட்டங்களில் இருந்த பழைய டீசல் எஞ்சின்கள் மாறவில்லை. முக்கால் அங்குலம் என்பது 19.05 மில்லிமீட்டர், பத்தொன்பதாம் எண் அதற்கு ஏறக்குறைய ஒத்துப்போகும். அரை அங்குலமோ 12.7, பதின்மூன்றாம் எண்ணைப் போட்டால் உட்காருவதுபோல் உட்கார்ந்து, அழுத்தியதும் வழுக்கி நட்டின் மூலைகளை உருட்டிவிடும். பழைய விட்வொர்த் ஸ்பேனர்களின் சிக்கல் இன்னும் பெரிது. அவற்றில் பொறித்திருக்கும் எண் வாயின் அகலத்தைக் குறிப்பதன்று. போல்ட்டுத் தண்டின் பருமனைக் குறிப்பது. இரண்டு முறைகளையும் ஒரே இழுப்பறையில் கலந்து வைத்தவன் அவசரத்தில் எதை எடுப்பான் என்று சொல்ல முடியாது.

இனி, துருவைப் பற்றி. காற்றின் ஈரம் நூற்றுக்கு அறுபதைத் தாண்டினால் இரும்பு துருப்பிடிக்கும் வேகம் கூடிவிடும். தென்மேற்குப் பருவக் காலத்தில் அந்த மலையில் ஈரம் அந்த அளவுக்குக் கீழே இறங்குவது அரிது. இழுப்பறைகளின் அடியில் பச்சைக் கம்பளத் துணி ஒட்டுவது அழகுதான். ஆனால் அது ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். மாமா துணி ஒட்டவில்லை. அடிப்பலகையில் காற்றுப் புகச் சிறு துளைகள் இட்டிருந்தார். ஒவ்வோர் அறையிலும் ஒரு கற்பூரக் கட்டி வைப்பார். கருவியை எடுத்த கை வியர்வை உப்புடன் இருக்குமாதலால், திருப்பி வைக்குமுன் எண்ணெய்த் துணியால் ஒருமுறை துடைப்பார். மிஷின் எண்ணெய்தான், தேங்காயெண்ணெய் நாளடைவில் காறிச் சிக்குப் பிடிக்கும் என்பார்.

எந்த இழுப்பறையிலும் பெயர்ச் சீட்டு கிடையாது. மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளனாகப் பணியாற்றும் எனக்கு இது பின்னாளில்தான் விளங்கியது. நாம் இழைப்புளி என்பதை மலையாளத்தார் சிந்தேர் என்கிறார்கள். இந்திக்காரர் ரந்தா என்கிறார்கள். நம் திருப்புளி வடக்கே பேச்கஸ், ஸ்பேனர் பானா. கருவிப் பட்டியல் ஒன்றைத் தமிழாக்கும்போது ‘திருகுசாவி’ என்று எழுதிவிட்டு, இதைக் கேட்டு எந்தத் தொழிலாளி எதை எடுத்துத் தருவார் என்று பேனாவை வைத்துவிட்டு யோசித்ததுண்டு. ஸ்டோரில் தமிழரும் மலையாளிகளும் சேர்ந்து வேலை செய்தார்கள். ஆகவே மாமா எழுத்தை நம்பவில்லை. ஒவ்வொரு கருவியையும் பலகையில் வைத்து, அதன் ஓரத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடிட்டு, அந்த வடிவம் முழுவதற்கும் சிவப்பு வண்ணம் பூசியிருந்தார். கருவி இருந்தால் சிவப்பு தெரியாது. எடுத்தால் அதன் உருவமே சிவப்பாகத் தெரியும்.

ஏலக்காயைப் பற்றி இங்கே சிறிது சொன்னால்தான் பின் வருவது விளங்கும். பறித்த பச்சைக் காயில் நூற்றுக்கு எண்பது பங்கு ஈரமே. அதைப் பத்துப் பன்னிரண்டு பங்குக்குக் குறைக்க, ஏறக்குறைய 45 முதல் 55 டிகிரி வெப்பத்தில், பதினெட்டு மணி நேரத்துக்கு மேல் உலர்த்த வேண்டும். இடையில் சூடான காற்று நின்றால் காய் புழுங்கிப் பசுமை மங்கும். புற்றடியிலும் போடிநாயக்கனூரிலும் நடக்கும் ஏலத்தில் அந்தப் பசுமைக்குத்தான் விலை.

எனக்குப் பதினான்கு வயது. ஆவணி மாத இரவு. வெளியே விடாத மழை. காற்றாடியின் கூட்டுக்குள் ஏதோ உராயும் சத்தம் கேட்டு மாமா அதை நிறுத்தினார். கூட்டின் மூடியைக் கழற்றிப் பார்த்தபோது விசிறிச் சக்கரம் தளர்ந்து சாய்ந்திருந்தது. நான் டார்ச்சு விளக்கைப் பிடித்துக்கொண்டு, கேட்ட கருவிகளை எடுத்துக் கொடுத்தேன். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அன்றைய காய் முழுவதும் தட்டுகளில் கிடந்தது. தோட்டத்தின் கணக்குப்பிள்ளை குடையுடன் வந்து வாசலில் நின்றுகொண்டு மூன்று முறை நேரம் கேட்டார். மூடியை மாட்டி முடித்ததும், ‘மேஸ்திரி, சுவிட்சைப் போடலாமா?’ என்று அவரே சுவரை நெருங்கினார்.

‘கொஞ்சம் பொறுங்கள்’ என்று சொல்லிவிட்டு மாமா பெட்டியிடம் போனார். இரண்டாம் இழுப்பறையை இழுத்தார். நான் எல்லாவற்றையும் வைத்துவிட்டதாகத்தான் நினைத்திருந்தேன். அங்கே ஒரு பதினாறு-பதினேழு இருந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்றின் உருவம் சிவப்பாகத் தெரிந்தது.

‘மாப்பிள்ளை, இன்னொரு பதினேழு எங்கே?’

எனக்கு நினைவில்லை. கணக்குப்பிள்ளை, ‘ஒரு ஸ்பேனருக்காகக் காயைக் கெடுப்பீர்களா? காலையில் தேடிக்கொள்ளலாம்’ என்று கடிந்தார். மாமா மறுமொழி சொல்லாமல் மூடியின் போல்ட்டுகளை மீண்டும் ஒவ்வொன்றாகக் கழற்றினார். விசிறியின் இதழ்களுக்கு அடியில், கூட்டின் மடிப்பில், அது கிடந்தது. டார்ச்சைக் கை மாற்றியபோது நான்தான் அங்கே வைத்திருக்கிறேன். சுவிட்சைப் போட்டிருந்தால் இரண்டு முழ தூரத்தில் என் முகம் இருந்தது. மாமா என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை. எண்ணெய்த் துணியால் அதைத் துடைத்து, என் கையில் கொடுத்து, வைக்கச் சொன்னார். காய் ஓரளவு நிறம் குறைந்தது என்று பிறகு கேள்விப்பட்டேன். அதற்காக அவர் பேச்சுக் கேட்டார் என்பதும் தெரியும்.

பெட்டியில் ஒரே ஒரு பதினாறு-பதினேழுதான் என்று எண்ணியிருந்தால், அல்லது எல்லாம் குவியலாகக் கிடந்திருந்தால், கண்ணில் பட்ட ஒன்று மற்றதன் குறையை மறைத்திருக்கும். விமானங்களைச் செப்பனிடும் கூடங்களில் கருவியின் வடிவிலேயே குழி வெட்டிய நுரைப் பலகைகளை இழுப்பறைகளில் பரப்பியிருக்கிறார்கள். ஒரு குழி வெறுமையாக இருந்தால் விமானம் கிளம்பாது. உலகச் சுகாதார நிறுவனம் 2008 இல் வெளியிட்ட அறுவைச் சிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியலிலும், நோயாளி அறையை விட்டு நீங்குமுன் கருவி, பஞ்சு, ஊசிகளின் எண்ணிக்கை சரியா என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டுமென்ற விதி இருக்கிறது.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பியானோ செய்துவந்த ஹென்றி ஸ்டட்லி (1838–1925) என்பவரின் கருவிப் பெட்டி உலகப் புகழ் பெற்றது. புத்தகம்போல் திறக்கும் அந்தச் சிறிய பெட்டியில் ஏறக்குறைய முந்நூறு கருவிகள், கருங்காலியும் முத்துச்சிப்பியும் இழைத்த இருக்கைகளில் அமர்ந்திருக்கின்றன. படத்தில் பார்த்து வியந்தேன். ஆயினும் சில கருவிகளை எடுக்க, அவற்றின் முன்னுள்ள பலகையைத் தூக்க வேண்டும். மாமா பார்த்திருந்தால் முகம் சுளித்திருப்பார்.

இரண்டறை வீட்டில் வாழும் நமக்கு ஐந்து இழுப்பறைகள் வேண்டியதில்லை. பழைய மேசையின் ஓர் இழுப்பறை போதும். தேய்ந்த ரப்பர்ச் செருப்பின் அடிப்பாகத்தை வெட்டிப் பள்ளங்கள் செய்யலாம். பயன்படாதவற்றை முதலில் வெளியேற்றிவிட வேண்டும். நான் என் வீட்டில் வைத்திருப்பவை பதினொரு கருவிகளே. அவற்றின் உருவங்களை என் மகள் சிவப்பு வண்ணத்தில் தீட்டினாள்.

மாமா இப்போது கம்பத்தில் இருக்கிறார். பெட்டியை ஸ்டோரிலேயே விட்டு வந்தார். இப்போதெல்லாம் சார்க்கண்டு, அசாம் முதலிய மாநிலத்தவர் பலர் அந்தத் தோட்டங்களில் வேலை செய்கிறார்கள்; பெட்டியும் சார்க்கண்டிலிருந்து வந்த ஓர் இளைஞரின் பொறுப்பில் இருக்கிறது. சென்ற ஆண்டு போயிருந்தபோது அவரிடம் இந்தியில் பேசி, இழுப்பறைகளைத் திறந்து பார்க்க அனுமதி பெற்றேன். தமிழும் மலையாளமும் அவருக்கு அப்போதும் சரியாக வரவில்லை. பதினாறு-பதினேழு இரண்டும் அவற்றின் இடத்தில் இருந்தன. மாமா காலத்தில் இல்லாத ஒரு மின்சோதனைக் கருவி முதல் இழுப்பறையின் ஓரத்தில் இருந்தது. எடுத்துப் பார்த்தேன். அடியில் அதன் உருவத்தை அவர் பென்சிலால் வரைந்திருந்தார். வண்ணம் இன்னும் பூசவில்லை.