இரு தலங்கட்கு இடைப்பட்ட கடல்



திருஞானசம்பந்தப் பிள்ளையார் இராமேச்சுரத்தில் எழுந்தருளியிருந்தபோது, கடல் கடவாமலே ஈழத்துத் திருக்கேதீச்சரத்தைப் பாடியருளினார் என்று பெரிய புராணம் உரைக்கின்றது. சுந்தரமூர்த்தி நாயனாரும் அவ்வண்ணமே பாடினார். பதிகத்தை ஓதும் நாம், பாடியவர்க்கும் பாடப்பெற்ற பெருமானுக்கும் இடையே கிடந்த கடலை எண்ணுவதில்லை.

தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நீளத்திற்கு மணல் திட்டுகள் தொடர்கின்றன. அதனையே சேது என்கின்றோம். அதற்கு வடபால் பாக்கு விரிகுடா. தென்பால் மன்னார் வளைகுடா. பாக்கு என்றதும் அடியேன் இளமையில் வெற்றிலைப் பாக்கையே நினைத்திருந்தேன்! 1763 முதல் 1767 வரை சென்னையில் ஆளுநராயிருந்த இராபர்ட் பாக் என்னும் ஆங்கிலேயரின் பெயர் அது.

தென்பால் கடலின் பெயர் வரலாறோ நெடியது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் தாலமி என்னும் யவன நூலாசிரியர் இதனைக் 'கொல்கி' வளைகுடா என்று குறித்தார். பாண்டியரது கொற்கைத் துறையே அவர் வாயில் கொல்கியாயிற்று. அவருக்கு ஒரு நூற்றாண்டு முற்பட்ட 'பெரிப்ளூஸ்' என்னும் கடற்பயண நூல், இங்கே முத்துக்குளித்தவர்கள் தண்டனை பெற்ற குற்றவாளிகள் என்கின்றது. பாண்டிநாட்டு முத்தின் ஒளியை நாம் வியந்து பேசுகின்றோம். அதன்பொருட்டு நீருக்குள் மூச்சடக்கியவர் யாவர் என்பதை ஓர் அயல்நாட்டு வணிகனல்லவா எழுதிவைத்தான்!

தாமிரவருணி கொணர்ந்த வண்டலால் கடல் பின்வாங்கியது. கொற்கை உள்நாட்டுச் சிற்றூராயிற்று. துறை போனபின் துறையால் வந்த பெயரும் போயிற்று. கீழ்கரையிலுள்ள மன்னார்த் தீவின் பெயரே பின்னர் நிலைத்தது. 1560இல் போர்த்துக்கீசர் அத்தீவைக் கைப்பற்றினர். கேதீச்சரத்துப் பழங்கோயில் அவர்களால் அழிவுற்று, பல தலைமுறைகளுக்குப் பின்னரே மீண்டும் எழுந்தது.

வடமொழியாளர் வடகடலை மகோததி என்றும், முத்து விளையும் தென்கடலை இரத்தினாகரம் என்றும் வழங்கினர். கரையிலுள்ளோர் வழக்கு வேறு. அரிச்சல்முனையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம், "இது மன்னார் வளைகுடாதானே?" என்றேன். "எதைக் கேக்குறீக சாமி? இது ஆண்கடல். அந்தப் பக்கம் பெண்கடல்" என்றார். தென்கடலில் அலை மிகுதி, வடகடல் அமைதி. ஆனால் வாடைக்காற்றுக் காலத்தில் இது மாறிவிடுகின்றது. வடகடல் கொந்தளிக்க, தென்கடல் அடங்கிக் கிடக்கும். அதனைச் சொல்லி, பெயர் பொருந்தவில்லையே என்று வினவினேன்.

வலையிலிருந்து கண்ணை எடுக்காமலே அவர் சொன்னார்: "பேரு வச்சவுக ஆடி மாசத்துல வச்சிருப்பாக, சாமி."