750-ல் எழும்பிய மேடு

"மூன்று சிக்மான்னா தற்செயலா வர வாய்ப்பு 740-ல் ஒன்றுதானே, அப்புறமும் ஏன் இயற்பியலாளர்கள் நம்ப மாட்டேங்கிறாங்க?" என்று ஒரு நேயர் கேட்டிருந்தார். நானும் ஒருமுறை நம்பி ஏமாந்தவன்தான், அதனால அந்தக் கதையையே சொல்றேன்.

2015 டிசம்பர் 15. ஜெனீவா பக்கத்துல இருக்கிற செர்ன் ஆய்வகம். புரோட்டான் மோதல்களில் ஜோடியாக வெளிவரும் போட்டான்களை அட்லஸ், சிஎம்எஸ் என்ற இரண்டு குழுக்கள் தனித்தனியாக எண்ணி வரைபடம் காட்டினாங்க. இரண்டிலும் 750 ஜிஇவி பக்கத்துல சின்னதா ஒரு மேடு. ஹிக்ஸ் துகளைவிட ஆறு மடங்கு கனம். ஸ்டாண்டர்ட் மாடலில் இடமே இல்லாத ஆள்! அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல.

அட்லஸ் சொன்னது 3.6 சிக்மா. அதாவது புதுசா எதுவுமே இல்லைன்னாலும், சரியாக அந்த இடத்தில் அவ்வளவு பெரிய மேடு வர வாய்ப்பு சுமார் 6,000-ல் ஒன்று. ஆனா அவங்க அந்த ஒரு இடத்தை மட்டுமா பார்த்தாங்க? ஒரு மண்டபத்துல ஆயிரம் பேர், ஆளுக்குப் பத்து தடவை நாணயம் சுண்டுறாங்க. யாராவது ஒருத்தருக்குப் பத்தும் தலையா விழ நல்ல வாய்ப்பு இருக்கு. அவரை மேடையேத்தி மாலை போட முடியுமா? பார்த்த எல்லா இடங்களையும் கணக்குல சேர்த்தா, அட்லஸின் 3.6 வெறும் 2 ஆயிடும். கிட்டத்தட்ட 44-ல் ஒன்று. சிஎம்எஸ்ஸுக்கு 1.2-க்கும் கீழே. இதை இரண்டு குழுக்களும் அன்றைக்கே ஒளிக்காமல் சொன்னாங்க. என் காதுலதான் ஏறல.

என் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது: இரண்டு கருவிகள், ஒரே இடம். அதனாலதான் கோட்பாட்டாளர்களும் நூற்றுக்கணக்கில் கட்டுரை எழுதினாங்க. 2016 ஆகஸ்ட், சிகாகோ மாநாடு. நாலு மடங்குக்கும் மேல் தரவு. மேட்டைக் காணோம்.

கண்டுபிடிப்புன்னு அறிவிக்க ஐந்து சிக்மா, அதாவது 35 லட்சத்தில் ஒன்று, கேட்கிறது இதுக்குத்தான். அதுவும் தற்செயலை மட்டும்தான் அளக்கும், கருவியில இருக்கிற கோளாறை இல்ல. 2011-ல் ஒளியை முந்தின நியூட்ரினோவுக்கு ஆறு சிக்மா இருந்தது. சரியா மாட்டாத ஒரு ஃபைபர் கேபிள்தான் முக்கியக் காரணம். அதை அடுத்த எபிசோடில் பேசுவோம்.