நீர்மேல் கோடு
(வீர நிர்வாணத் திருநாள் விழாவில் ஆற்றிய உரை)



வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூரில் பிறந்த நான், ஆசிரியப் பணியின்பொருட்டுச் சிவகாசி வட்டாரத்திற்கு வந்தேன். வெடி கொளுத்தாது விளக்கேற்றித் தீபாவளியைப் போற்றும் குடியில் பிறந்தவன், வெடி செய்வோரின் மக்களுக்குப் பாடம் சொன்னேன். அம்மக்களிடம் நான் கற்ற ஒன்றை இன்று கூற விழைகிறேன்.

2012-ஆம் ஆண்டு செப்டம்பர் 5, ஆசிரியர் தினம். அன்று நண்பகலில் முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து 30-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். முதல் ஓசை கேட்டு ஓடிச்சென்றவர்களும் அவர்களுள் அடங்குவர். சில நாள் கழித்து என் வகுப்பில் ஒரு பெஞ்சு சரிந்து விழுந்தது. ஒரு சிறுவன் காதுகளைப் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் புகுந்தான். பிள்ளைகள் நகைத்தனர். வெளியே வந்தவன், பக்கத்தில் நின்று நகைத்தவனை ஓங்கி அறைந்தான். நான் அவனை வகுப்புக்கு வெளியே நிற்கவைத்தேன். அவன் தாய் வேறோர் ஆலையில் மருந்து செலுத்தும் அறையில் வேலை பார்ப்பவர் என்பதை நான் அறிவேன். அறிந்தும் என் கண்ணுக்கு அவன் சினம் மட்டுமே தென்பட்டது.

மறுநாள் தனியே அழைத்து, "ஏனப்பா அவ்வளவு கோபம்?" என்றேன்.

"கோவம் இல்ல சார், பயம். சத்தம் கேட்டதும் அம்மா ஞாபகம் வந்துருச்சு" என்றான்.

தன் உள்ளத்தில் எழுந்ததற்குச் சரியான பெயர் அவனிடம் இருந்தது. கேட்பதற்குத்தான் ஆளில்லை.

குரோதம், மானம், மாயை, லோபம் என்னும் நான்கு கஷாயங்களையும் நாம் இளமையிலேயே மனப்பாடம் செய்கிறோம். நேமிசந்திராசாரியாரின் கோமடசாரம் கோபத்தையே பாறையில், நிலத்தில், புழுதியில், நீரில் இட்ட கோடுகளென நால்வகைப்படுத்துகிறது. நீர்க்கோடு ஒரு முகூர்த்தத்திற்குள், அதாவது 48 நிமிடங்களுக்குள் மறையும். புழுதிக்கோடு 15 நாள். நிலக்கோடு ஆறு மாதம். பாறைக்கோடோ பிறவிகள் தோறும் தொடரும். நம் பள்ளிப் பாடவேளையும் ஏறத்தாழ ஒரு முகூர்த்தமே! இவ்வளவு நுட்பமான அளவுகோலைத் தேர்வில் ஒப்பிக்கச் செய்தோமேயன்றி, "இன்று உனக்குள் இருப்பது எந்தக் கோடு?" என்று எந்தப் பிள்ளையையும் கேட்டதில்லை. நான் கேட்கத் தொடங்கினேன். மதம் எதுவாயினும் பிள்ளைகளுக்கு அது உடனே விளங்கிற்று.

பட்டாசு ஆலையில் மருந்து அறைக்குள் நுழையுமுன், வாயிலிலுள்ள செம்புத் தகட்டைத் தொட்டு உடலில் தேங்கிய நிலைமின்சாரத்தை இறக்கிவிடுவார்கள். இங்குள்ள பிள்ளைகள் இதைப் பெற்றோர் வாயிலாக அறிந்தவர்கள். "உனக்குச் செம்புத் தகடு எது?" என்றேன். ஒருத்தி தண்ணீர் குடிப்பது என்றாள். ஒருவன் வேப்பமரத்தடி என்றான். இன்னொருவன், யாரும் தன்னோடு பேசாதிருந்தால் போதும் என்றான். மூன்றையும் அனுமதித்தேன். தில்லி அரசு 2018 ஜூலையில் தன் பள்ளிகளில் இதற்கெனத் தனிப் பாடவேளையே ஏற்படுத்திற்று. என்னிடம் இருந்தது வருகைப்பதிவுக்கு முந்தைய பத்து நிமிடம்.

பெற்றோர்களுக்கும் ஒரு சொல். "நாலு அடி போட்டு வையுங்கள்" என்று இன்றும் ஆசிரியரிடம் சொல்கிறீர்கள். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17-ஆம் பிரிவில், உடலை வருத்துவதோடு மனத்தை வருத்துவதையும் தடைசெய்திருக்கிறது. அதனினும் என்னை வருத்துவது வேறு. அழாத, எதிர்த்துப் பேசாத பிள்ளையைப் பொறுமைசாலி என்று புகழ்கிறோம். உள்ளே புழுங்கிக்கொண்டு வெளியே சிரிக்கும் பிள்ளையிடம் இருப்பது உத்தம க்ஷமை அன்று. அதற்கு நம் நூல்கள் வைத்த பெயர் மாயை. அதை நாமே பழக்குகிறோம். வீட்டில் சொல்ல இயலாததைச் சொல்ல, அரசின் 14417 என்னும் மாணவர் உதவி எண்ணையேனும் பிள்ளைகளுக்குத் தெரிவித்து வையுங்கள்.

அச்சிறுவனிடம், வகுப்பறிய, நான் வருத்தம் தெரிவித்தேன். அறை வாங்கியவனிடம் அவனும் சென்று பேசினான். அச்சம் மட்டும் உடனே போய்விடவில்லை. ஆண்டிறுதிவரை ஏதேனும் ஓசை கேட்டால் திடுக்கிடுவான். ஆனால் மேசைக்கடியில் புகாமல் கையை உயர்த்தி, "சார், பயமா இருக்கு" என்பான். பக்கத்திலிருப்பவன் சற்று நகர்ந்து அவனுக்கு இடம்விடுவான். அறை வாங்கியவனே அவன்.