மேலோர் செருக்கும் இளையோர் திறமும்



கல்வியில் முதன்மை பெற்ற பிள்ளை ஒருவன் வேலைக்குச் செல்கிறான். ஓராண்டு கழித்து விடுமுறையில் இல்லம் வரும்போது அவன் முகம் வாடியிருக்கிறது. வேலை கடினமா என்று தாய் கேட்கிறாள், இல்லை என்கிறான். ஊதியம் குறைவா என்று தந்தை கேட்கிறார். அதுவும் இல்லை என்கிறான். மேலதிகாரி அறியாத ஒன்றைத் தான் அறிந்திருப்பதே குற்றமாகிவிட்டது என்கிறான். இக்குறையைக் கேளாத குடும்பம் இன்று அரிது. திறமை உள்ளவன் அத்திறமை காரணமாகவே படும் துன்பத்திற்கு வழி என்ன என்பதைச் சிந்திப்பதே இவ்வுரையின் நோக்கம்.

இத்துன்பம் இன்று தோன்றியதன்று. திருக்குறளின் எழுபதாம் அதிகாரமாகிய ‘மன்னரைச் சேர்ந்தொழுதல்’ இதற்கெனவே அமைந்தது. குளிர் காய்பவன் தீயை விட்டு மிக விலகினால் குளிர் நீங்காது. மிக நெருங்கினால் உடல் சுடும். அரசனைச் சார்ந்து பணி செய்வோன் நிலையும் அத்தகையதே என்கிறார் வள்ளுவர். அரசன் முன்னிலையில் பிறரோடு காதோடு காதாகப் பேசுதலும், பிறரைப் பார்த்துச் சிரித்தலும் ஆகா; அவன் மனக்குறிப்பை அறிந்து, காலம் பார்த்துப் பேசுதல் வேண்டும்; நெடுநாள் பழக்கம் என்னும் உரிமையால் தகாதன செய்தல் கேடு தரும். இவையெல்லாம் அவ்வதிகாரம் கூறும் நெறிகள்.

இவற்றை மட்டும் படிப்போர், வள்ளுவர் இச்சகம் பேசக் கற்றுத் தருகிறாரோ என ஐயுறக்கூடும். ‘அமைச்சு’ என்னும் அதிகாரம் அவ்வையத்தை நீக்குகிறது. அரசன் தானாகவும் அறியாதவனாய், அறிந்தோர் சொல்லையும் தள்ளுபவனாய் இருப்பினும், உறுதியானதை எடுத்துச் சொல்லுதல் அருகிருப்போன் கடமை என்று அங்கு விதிக்கப்படுகிறது. ஆகவே, சொல்லும் முறையில் பணிவு வேண்டும். சொல்லப்படும் உண்மையில் வளைவு கூடாது. இவ்விரண்டையும் ஒருங்கே காத்தல் எளிதன்று. காத்தவர் ஒருவரைச் சென்ற நூற்றாண்டின் வரலாறு காட்டுகிறது.

1930ஆம் ஆண்டு, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற, இருபது வயது நிரம்பாத தமிழ் இளைஞர் ஒருவர் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். அவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். எரிபொருள் தீர்ந்த விண்மீன்கள் இறுதியில் என்ன ஆகும் என்பதைப் பயணத்தின்போதே கணக்கிடத் தொடங்கினார். கதிரவனின் நிறையைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்குக்கு மேற்பட்ட நிறையுடைய விண்மீன், வெண்குறுமீனாக அடங்கி நிற்க இயலாது என்னும் முடிவு அவர் கணக்கில் தெளிந்தது.

அந்நாளில் கேம்பிரிட்ஜில் வானியலின் பெருந்தலைவராய் விளங்கியவர் ஆர்தர் எடிங்டன். 1919ஆம் ஆண்டு சூரிய கிரகணத்தின்போது ஆய்வு நடத்தி, ஐன்ஸ்டைன் கொள்கைக்குச் சான்று தேடித் தந்தவர் அவர். சந்திரசேகருக்கு அவர் நேர் மேலதிகாரி அல்லர். ஆயினும் அத்துறையில் அவர் சொல்லே இறுதிச் சொல்லாய் இருந்தது. இளைஞரின் அறைக்கு அடிக்கடி வந்து கணக்குகளின் வளர்ச்சியைக் கேட்டறிந்தார்; கணக்கிடும் பொறி ஒன்று கிடைக்கவும் உதவினார். தம் எதிர்ப்பை மட்டும் வெளியிட்டாரில்லை.

1935ஆம் ஆண்டு சனவரி 11ஆம் நாள் இலண்டனில் அரச வானியல் கழகம் கூடியது. சந்திரசேகர் தம் முடிவை எடுத்துரைத்து அமர்ந்தார். அடுத்து எழுந்த எடிங்டன் அம்முடிவை நகைப்புக்குரியதாக்கினார். விண்மீன் அவ்வாறு நடந்துகொள்ளாதபடி இயற்கையே தடுக்கும் என்றார். அவை சிரித்தது. இருபத்து நான்கு வயது இளைஞர் மறுமொழி கூற இயலாமல் தலைகுனிந்து திரும்பினார். பௌலி போன்ற இயற்பியல் வல்லுநர்கள் சந்திரசேகர் கருத்தே சரி எனத் தனிமுறையில் ஒப்புக்கொண்டனர். எடிங்டனுக்கு எதிராக வெளிப்படையாகப் பேச அவர்கள் முன்வரவில்லை. மூத்தோர் செருக்கு தனித்து நிற்பதில்லை. சுற்றியிருப்போர் மௌனமே அதற்குத் துணை.

அந்நிலையில் சந்திரசேகர் செய்தவை எண்ணிப் பார்க்கத்தக்கவை. முதலாவது, தம் கணக்கை அவர் மாற்றிக்கொள்ளவில்லை. பெரியவர் மனம் குளிர ஓர் எண்ணைக்கூடத் திருத்தவில்லை. இரண்டாவது, பூசலிலேயே வாழ்நாளைக் கழிக்கவில்லை. அமெரிக்கா சென்று, 1939ஆம் ஆண்டு வெளியிட்ட விண்மீன் அமைப்பு பற்றிய நூலில் தம் முடிவை முறையாகப் பதித்து வைத்துவிட்டு, வேறு ஆய்வுத் துறையில் இறங்கினார். மூன்றாவது, எடிங்டனுடன் கொண்ட நட்பை முறித்துக்கொள்ளவில்லை. 1944ஆம் ஆண்டு எடிங்டன் மறைந்தபோது, அக்காலத்து மிகச் சிறந்த வானியலாருள் ஒருவர் எனப் போற்றிப் பேசினார். 1982ஆம் ஆண்டு, எடிங்டனின் நூற்றாண்டையொட்டிக் கேம்பிரிட்ஜில் அவர் பெருமையை விரித்துரைத்தவரும் இவரே. மறு ஆண்டில் சந்திரசேகர்க்கு நோபல் பரிசு கிடைத்தது.

இதற்கு அவர் தந்த விலை சிறிதன்று. தாம் தொடங்கிய ஆய்வை விட்டு அகல வேண்டியிருந்தது. அத்துறையும் பல ஆண்டுகள் பின்தங்கியது. பொறுமை இறுதியில் வென்றதால் மூத்தோர் செய்தது சரியாகிவிடாது. உயர்ந்த அறிவும் நல்ல பண்பும் உடைய எடிங்டனையே தம் கொள்கைமீது கொண்ட பிடிவாதம் மறைத்ததெனில், எளியோர் எவ்வளவு விழிப்பாயிருத்தல் வேண்டும்!

இங்கு ஒரு சொல்லைக் கருதுதல் தகும். குரோதம், மானம், மாயை, லோபம் என்னும் நான்கு கஷாயங்களுள் இரண்டாவதாகிய மானம் செருக்கைக் குறிப்பது, நீக்கத்தக்கது. தமிழ் வழக்கிலோ மானம் தன்மதிப்பைக் குறிப்பது. உயிரினும் மேலாகக் காக்கத்தக்கது. சொல் ஒன்று, பொருள் இரண்டு. பணியிடத்தில் பலர் இடறுவது இவ்விரண்டையும் பிரித்தறியாமையால்தான். செய்த வேலையின் உண்மையைக் காப்பது தன்மதிப்பு. அவ்வேலையால் மேலதிகாரியைச் சிறுமைப்படுத்த எண்ணுவது செருக்கு. முன்னதை விட்டவன் இச்சகம் பேசுவோன் ஆகிறான்; பின்னதை விடாதவன் பகையைத் தேடிக்கொள்கிறான்.

ஆதலால் இளையோர் கொள்ளத்தக்கவை சில உண்டு. மேலதிகாரியின் பிழையை அவை நடுவே சுட்டாமல், தனியே, சான்றுடன் சுட்டுக. அவரிடம் கற்றதை மறவாமல் வெளிப்படக் கூறுக. தன் முடிவை எழுத்தில் தெளிவாகப் பதித்து வைக்க. புறங்கூறாதிருக்க. பொய்க்கணக்கில் கையெழுத்திடுமாறு பணித்தால் அஞ்சாது மறுக்க. வளர இடமில்லாத இடமெனில், கசப்பின்றி அவ்விடத்தை விட்டு நீங்குக; நீங்குதல் தோல்வியன்று.

மூத்தோர்க்கும் இதில் பாடம் உண்டு. சீவக சிந்தாமணி தோன்றிய வரலாற்றை இவ்வவையோர் அறிவர். நூல் தொடங்கும்போது ஆசிரியர் கடவுள் வாழ்த்து ஒன்று பாடித் தந்தார். மாணவராகிய திருத்தக்கதேவரும் ஒன்று பாடினார். மாணவர் பாடலே சிறந்தது எனக் கண்ட ஆசிரியர், அதனை முதலிலும் தம் பாடலை இரண்டாவதாகவும் வைக்கப் பணித்தார் என்பது மரபுவழிச் செய்தி. அதே சிந்தாமணியை 1887ஆம் ஆண்டு பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், கும்பகோணம் கல்லூரியில் பணி பெற்றதும் ஒரு மூத்தவரின் பெருந்தன்மையால்தான். 1880ஆம் ஆண்டு அப்பணியினின்று விலகிய தியாகராச செட்டியார், தம்மினும் இளையவராகிய சாமிநாதையரைத் தம் இடத்திற்குப் பரிந்துரைத்தார். சந்திரசேகரும் மூத்தவரான பின் எடிங்டனின் குறையைப் பின்பற்றவில்லை. அவரிடம் பயின்ற லீ, யாங் இருவரும் 1957ஆம் ஆண்டிலேயே நோபல் பரிசு பெற்றனர். அவர் பெற்றதோ இருபத்தாறு ஆண்டுகள் கழித்து. அவர்கள் உயர்வைக் கண்டு அவர் மகிழ்ந்தாரேயன்றிப் பொறாமை கொண்டாரில்லை.

இன்று மேலதிகாரியால் வாடும் பிள்ளை, நாளை தானே மேலதிகாரி ஆவான். அப்போது தன்னினும் திறமுடைய ஓர் இளையவன் அவன் எதிரில் வந்து நிற்பான். பட்ட துன்பத்தை அவனுக்கும் தருவதா, அவன் பாடலை முதலில் வைப்பதா என்பது அன்று தெரியும். வாடிய முகத்துடன் இல்லம் வரும் பிள்ளைக்குப் பெற்றோர் ஆறுதல் கூறும்போது இதனையும் சேர்த்துக் கூறுவாராக.