கம்பைலர்மேல் பழி போடுமுன்...
(இறுதியாண்டு மாணவர்களிடையே ஆற்றிய உரை)



இதே வகுப்புகளில் உட்கார்ந்தவன் என்ற உரிமையில் ஒரே ஒரு விஷயம் சொல்கிறேன். ஒரு கெர்னல் சோதனை, ஆப்டிமைசேஷன் இல்லாமல் கம்பைல் செய்தால் தேறுகிறது. 'ஓ2' போட்டால் தோற்கிறது. உடனே என்ன சொல்வோம்? “கம்பைலர்ல பக் இருக்குப்பா!” சில சமயம் இருக்கலாம். ஆனால் பெரும்பாலும் தவறு நம் புரோகிராமில்தான் இருக்கும்.

2009-ல் லினக்ஸ் கெர்னலில் நடந்ததைக் கேளுங்கள். 'டன்' என்ற நெட்வொர்க் டிரைவரில் ஒரு ஃபங்ஷன். முதலில் ஒரு பாயின்ட்டர் வழியாக மதிப்பை எடுத்துக்கொள்கிறது. அதற்குப் பிறகுதான் அந்தப் பாயின்ட்டர் பூஜ்யமா என்று பார்க்கிறது. வரிசை மாறிவிட்டது, அவ்வளவுதான். ஆனால் பூஜ்யப் பாயின்ட்டர் வழியே படித்தால் என்ன ஆகும் என்று சி மொழி எந்த உத்தரவாதமும் தருவதில்லை. ஆகவே ஜிசிசி கம்பைலர் போட்ட கணக்கு இது: 'மேலேயே உபயோகிச்சாச்சு, அப்போ இது பூஜ்யமா இருக்க முடியாது, கீழே இருக்கிற சோதனை வீண்.' சோதனையைத் தூக்கிவிட்டது!

மூலப் பிரதியில் சோதனை இருக்கிறது. ஓடுகிற கெர்னலில் இல்லை. பூஜ்ய முகவரியில் தன் நினைவகத்தைப் பொருத்த முடிந்த ஒரு சாதாரண பயனர், இதைக் கொண்டு ரூட் அதிகாரத்தையே பிடிக்கலாம் என்று அதே ஆண்டு ஜூலையில் செய்தே காட்டினார்கள். டிரைவரைத் திருத்தினார்கள். பூஜ்யச் சோதனைகளை நீக்காதே என்ற கட்டளையையும் கெர்னல் கம்பைலேஷனில் சேர்த்தார்கள்.

இன்னொரு வகை: இன்டரப்ட் வந்து ஒரு கொடியை மாற்றும் என்று லூப்பில் காத்திருப்போம். 'வாலட்டைல்' என்று சொல்லாவிட்டால், கம்பைலர் அதை ஒரே முறை படித்து ரெஜிஸ்டரில் வைத்துக்கொள்ளலாம். சோதனை அங்கேயே தொங்கிவிடும்.

அப்போது என்ன செய்வது? ஆப்டிமைசேஷனை அணைத்துவிட்டு “பாஸ் ஆயிடுச்சு” என்று வீட்டுக்குப் போகாதீர்கள். நோய் அப்படியேதான் இருக்கும். எந்த ஃபைலில் ஓ2 போட்டால் தோற்கிறது என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள். ஃபங்ஷன் அகப்பட்டதும் அசெம்பிளியைப் பிரித்துப் படியுங்கள். காணாமல் போன வரி அங்கே தெரிந்துவிடும்.

பயனர் கையில் போவது எந்தக் கம்பைலேஷனோ, அதையே சோதியுங்கள். மற்றதைச் சோதித்தால் நாம் வேறொரு புரோகிராமைச் சோதிக்கிறோம் என்றுதான் அர்த்தம்.